கொலுசு பீரோவில்தான் இருந்தது

என் பெயரைச் சொல்லமாட்டேன். குப்பத்தின் பெயரையும் சொல்லமாட்டேன். பழவேற்காடு ஏரியைச் சுற்றிக் கிடக்கிற குப்பங்களில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். யாரிடம் எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்பது எனக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் புரிந்தது. புரிவதற்குள் பட்டது போதும்.

வெளியாளிடம் வாயைக் கட்டத் தெரியாத ஊர் இல்லை எங்கள் ஊர். நோட்டும் பேனாவுமாக வந்தவர்களை எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டோம். சுனாமி முடிந்ததும் தலையை எண்ணினார்கள், ஓட்டை எண்ணினார்கள், வலையை எண்ணினார்கள். காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்தபோது எண்ணினார்கள். ஏரிக்கு வருகிற பூநாரைகளைக்கூட வருஷா வருஷம் எண்ணுகிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளென்றால் கடலுக்குப் போகாதே என்று சொல்லவும் ஆள் வரும். எவ்வளவு இறால் பட்டது என்று யாராவது கேட்டால், "இன்னாத்த சார் பட்டுது, பாசிதான் பட்டுது" என்பது எங்கள் ஆம்பளைகள் பரம்பரையாகச் சொல்கிற பதில். கூடை நிறைந்த நாளிலும் அதுதான், காய்ந்த நாளிலும் அதுதான்.

அந்த ஊரில் பிறந்து, அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். ஒரு சின்னப் பெண் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "சாப்டியாக்கா?" என்று கேட்ட ஒரு கேள்விக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பல மாசமாக யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

அவள் முதல் தடவை வந்ததே பெரிய கூத்து. கழுத்தில் அட்டை, கையில் போன், முதுகில் பை. தெருமுனை டீக்கடையில் என் பெயரைச் சொல்லி, "கேஸ் மேனேஜர் வந்திருக்கேன், வீடு எது?" என்று கேட்டிருக்கிறாள். என் மாமியார் சிலிண்டர் வந்துவிட்டது என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். எதிர்வீட்டுக்காரி, யார் மேல் போலீஸ் கேஸ் என்று சுவரோரமாக வந்து நின்றாள். இரண்டும் இல்லை, மனநோய்க் கேஸ் என்று தெரிந்ததும் அவள் முகத்தில் வந்த திருப்தி இருக்கிறதே! அன்றைக்கே பாதி முடிந்துவிட்டது. அந்தப் பெண் என் திண்ணையில் உட்கார்ந்து வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே ஊருக்குச் சொல்லியாகிவிட்டது.

எங்கள் பக்கம் பாடு என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, ஏரியில் வலை கட்டுகிற முறை. எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று தலைக்கட்டுக்காரர்கள் கூடிப் பிரித்துக்கொள்வது. கல்யாணமான ஆம்பளைதான் தலைக்கட்டு, பெண்ணுக்கு அதில் பங்கில்லை. இன்னொரு பாடு, நாங்கள் படுவது. அதில் முறையே கிடையாது. தினமும் எங்கள் முறைதான்.

என் தூக்கம் போனதும் அந்த இரண்டாவது பாட்டில்தான். முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டால் கடல்தண்ணீர் ஏரிக்குள் ஏறாது. தண்ணீர் ஏறாவிட்டால் இறால் குஞ்சு வராது. இறால் இல்லாவிட்டால் குழுக்கடன் தவணை கட்ட வழியில்லை. தவணை கட்டாவிட்டால் கூட இருக்கிற ஒன்பது பெண்கள் என் வீட்டு வாசலில் உட்காருவார்கள். இப்படி ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தலைக்குள் சுற்றும். நான்கு மாசம் சுற்றியது. சோறு இறங்கவில்லை. செத்துப்போன என் அம்மா பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் விடியற்காலை ஏரிக்குள் இறங்கி நடந்தேன். எங்கள் ஏரி தூர்ந்து கிடக்கிற ஏரி. சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறான். எவ்வளவு தூரம் போயும் தண்ணீர் இடுப்பைத் தாண்டவில்லை. குளிரில் நின்றுகொண்டு அழுதேன், பிறகு சிரித்தேன், பிறகு திரும்பி வந்து அடுப்பு மூட்டினேன். தூர்வாரு தூர்வாரு என்று எங்கள் ஆம்பளைகள் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். வாராமல் விட்டதால் நான் இதை எழுதுகிறேன்.

இதை முதல் இரண்டு தடவையும் அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் போலீஸ் வரும் என்று பயம். எங்கள் காலத்தில் அப்படித்தான், பிழைத்தவள் மேல் கேஸ். அது மாறிவிட்டது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படிச் செய்ய முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த 309-ஆம் பிரிவும் 2024 ஜூலை 1-ஆம் தேதி வந்த புதுச் சட்டத்தில் இல்லை. தலைபோகிற ராத்திரியில் 14416 என்ற எண்ணுக்கு அடித்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது, ராப்பகல் பாராமல் எடுப்பார்கள். 2022 அக்டோபரில் தொடங்கியது. இதை ஒரு நோட்டீசாக அடித்து மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஒட்டியிருந்தால் போதும். ஒட்டவில்லை.

மூன்றாவது தடவை சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணும் கலங்கியது, அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். "என்னை உன் தங்கச்சியா நெனச்சுக்கக்கா. எல்லாத்தையும் சொல்லிடு. சொன்னாத்தான் பாரம் எறங்கும்." எல்லாவற்றையும் சொன்னேன். கடன் எவ்வளவு, யாரிடம், எதை வைத்து வாங்கியது. அம்மா குரல். மாமியார் ஒருநாள் சொன்ன ஒரு சொல். என் புருஷனைப் பற்றியும் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்த ராத்திரி நடந்ததையும் எழுதப்போவதில்லை.

பாரம் இறங்கியது. என் மேலிருந்து இறங்கி ஊருக்குள் நடந்து போனது.

ஏரியில் இறங்கியதை அவள் என் வீட்டில் சொன்னது தப்பென்று நான் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம், சட்டமே விடுகிறது. ஆனால் எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். "ராத்திரி அக்காவைத் தனியா விடாதீங்க" என்று ஒரு வரி சொன்னால் தீர்ந்தது. எந்த நாள், எந்தப் புடவை, எந்தப் படித்துறை, மாமியார் சொன்ன எந்தச் சொல்லுக்காக என்றெல்லாம் ஏன் போனது? மூன்று வாரம் என் அறைக்கு வெளியில் பூட்டுப் போட்டார்கள். ஒன்றுக்குப் போகக் கதவைத் தட்ட வேண்டும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்த 28 பேர் எழுந்து ஓட முடியாமல் கருகிப்போனார்கள். அப்போது எனக்குப் புதுசாகக் கல்யாணம் ஆகியிருந்தது. பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். பூட்டிய கதவுக்கு உள்ளே படுத்துக்கொண்டு அடுப்பில் தணல் இருக்கிறதா என்று மோந்து பார்த்தபடியே கிடப்பேன்.

பிறகு கணக்கு நோட்டு.

எங்கள் குழுவில் பன்னிரண்டு வருஷம் கணக்கு எழுதியவள் நான். ப்ளஸ் டூ படித்தவள் அப்போது நான் ஒருத்திதான். நீல அட்டை போட்ட நீள நோட்டு, ஓரத்தில் மீன் செதில் ஒட்டிக் காய்ந்திருக்கும், எத்தனை தடவை துடைத்தாலும் போகாது. ஒரு ரூபாய் பிசகியதில்லை. ஒரு சாயங்காலம் தலைவி வந்தாள். உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "நோட்டைக் குடுத்துட்றியா அண்ணி, நீ ரெஸ்ட் எடு" என்றாள். அவள் பார்வை என் முகத்தில் இல்லை, என் கையில் இருந்த அரிவாள்மனையில் இருந்தது. நான் மடவை அரிந்துகொண்டிருந்தேன். கழுவிவிட்டு எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகும்போது கூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

என் பெண்ணுக்குப் பேசியிருந்த சம்பந்தமும் நின்றது. அதைப் பற்றி மேலே ஒன்றும் சொல்லப் பிடிக்கவில்லை.

"கீழ்ப்பாக்கம்" என்று பையன்கள் தெருவில் கத்திவிட்டு ஓடுவார்கள். அந்த மனநல ஆஸ்பத்திரி சென்னையில் 1794-இல் தொடங்கியதாம். இருநூறு வருஷத்துக்கு மேலாக எத்தனை ஆயிரம் பேர் அங்கே தெளிந்து வீடு திரும்பியிருப்பார்கள். எங்கள் ஊரில் அது இன்னும் வசவு.

இவ்வளவும் எப்படி வெளியே போகிறது என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். சுவருக்குக் காது என்று நினைத்தேன், எங்கள் வீடுகளுக்கு நடுவில் சுவர் என்று சொல்ல என்ன இருக்கிறது? ஒருவேளை நானே தூக்கத்தில் உளறுகிறேனோ என்றுகூட நினைத்தேன். மனசு சரியில்லாதவள் என்று எழுதிவிட்டால் நம் மேல் நமக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. கடைசியில் மீன்பிடிக்கிற சாதிக்குத் தெரிந்ததைச் செய்தேன். தூண்டில் போட்டேன்.

அடுத்த தடவை அவள் வந்தபோது குரலைத் தாழ்த்தி, "பாப்பா, யாருக்கும் தெரியாது, பொண்ணு கொலுசைக் கொண்டுபோய் வெச்சிட்டேன்" என்றேன். வைக்கவில்லை. கொலுசு பீரோவில், பட்டுப்புடவை மடிப்பில் இருந்தது. அந்தப் பொய்யை நான் வேறு ஒருவரிடமும் சொல்லவில்லை. பெண்ணிடம்கூட.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் குழாயடியிலிருந்து வந்தேன். என் மாமியார் பீரோவைத் திறந்து, துணியெல்லாம் தரையில் போட்டு, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் கொலுசு. இரண்டும் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "ஏண்டி, வெச்சிட்டேன்னு சொன்னியே" என்றாள்.

"யாருகிட்ட சொன்னேன்?" என்றேன்.

கொலுசு சத்தம் மட்டும் கேட்டது. அவள் கைதான் ஆடியது.

வயிறு எரிகிறது. எங்கள் பக்கத்து அடகுக்கடையில் எத்தனை குடும்பத்துத் தாலிக்குண்டு உறங்குகிறது! யார் எதை வைத்தார்கள், யார் மீட்க முடியாமல் முழுகவிட்டார்கள் என்று அந்த மனிதர் ஒரு நாளும் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த நாள் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியாருக்கும் வாய்ப்பூட்டு உண்டு. வட்டிக்கடையில் ரசீதாவது தருகிறார்கள். என் மனசை வாங்கிக்கொண்டு போனவர்கள் ஒரு துண்டுச்சீட்டும் தரவில்லை. யார் யார் படிப்பார்கள், எங்கே வைப்பார்கள், எதைச் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு, ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொன்னது உண்டா?

போட்டோ விஷயம் இன்னும் மோசம். வந்துபோனதற்கு அத்தாட்சி வேண்டுமாம். நாளும் நேரமும் இடமும் கீழே தானாக விழுகிற மாதிரி ஒரு படம். "வாயைத் தொறக்கா, நாக்குல மாத்திரை தெரியணும்" என்பாள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு நைட்டியில் நின்ற ஒரு நாளும் எடுத்தாள். அந்தப் படம் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனது. குரூப்பில் இருந்த யாரோ யாருக்கோ அனுப்ப, அது என் கொழுந்தனார் போனுக்கே வந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு போனை என் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனார். என் வாய் ஆவென்று திறந்திருந்தது. வலையில் மாட்டிய கெளுத்தி அப்படித்தான் இருக்கும்.

என் மகள்தான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து போனில் சட்டத்தை இறக்கி எனக்குப் படித்துச் சொன்னாள். கல்யாணம் நின்றதற்கு என் மேல் கோபப்படுவாள் என்று நினைத்திருந்தேன். 23-ஆம் பிரிவு: மனநலம், சிகிச்சை, உடம்பு பற்றிய எல்லா விவரமும் ரகசியமாக இருக்க வேண்டும் என்பது நோயாளியின் உரிமை. 24: கம்ப்யூட்டரிலோ போனிலோ இருந்தாலும் அதே ரகசியம்தான். 25: நம்முடைய சிகிச்சைக் குறிப்பை நாமே கேட்டுப் பார்க்கலாம். மீறினால் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது பத்தாயிரம் வரை அபராதம், இல்லை இரண்டும். இந்தச் சட்டம் 2018 மே 29 முதல் நடப்பில் இருக்கிறது. எனக்கு அது தெரிவதற்குள் இத்தனையும் நடந்து முடிந்துவிட்டது.

கேஸ் மேனேஜர் பெண்ணின் ஆபீசுக்குப் போனேன். எந்த ஊர் ஆபீஸ் என்று கேட்காதீர்கள். பெரியவர் ஒருவர், நாற்காலியில் துண்டு போட்டிருந்தார். முழுசும் கேட்டுவிட்டு, "ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானேம்மா" என்றார். எல்லாருக்கும் எப்படித் தெரிந்தது என்பதுதானே ஐயா புகாரே! ரகசியம் காப்பது டாக்டர், நர்ஸ் மாதிரியான ஆட்களுக்குத்தான், அந்தப் பொண்ணு கான்ட்ராக்ட் ஸ்டாஃப் என்றார். உரிமை அம்மாவுடையது என்றுதானே முதல் வரியில் எழுதியிருக்கிறது, கேட்டுக்கொள்பவர் சம்பளமா கான்ட்ராக்டா என்று பார்த்தா அம்மா அழுதாள் என்று மகள் கேட்டாள். அவர் ஃபேனைப் பார்த்தார். என் ஃபைலைப் பார்க்க வேண்டும் என்றேன். அதெல்லாம் காட்ட முடியாது என்று அதை எடுத்து மேசையின் அந்தப் பக்கம் வைத்தார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. கணக்கு நோட்டை எதிரே இருப்பவர் கையில் வைத்தே சரிபார்த்துப் பழகியவள் நான், தலைகீழாகவும் படிப்பேன். மேலே இருந்த தாளில் கடைசி வரி: நோயாளி ஒத்துழைப்பதில்லை.

சரிதான். கொலுசு நாளுக்குப் பிறகு நான் ஒத்துழைப்பதில்லை. "எப்படிக்கா இருக்க?" "நல்லா இருக்கேன்." "தூக்கம்?" "வருது." "மாத்திரை?" "போட்டுக்கறேன்." அவள் டிக் அடித்துக்கொண்டு போகிறாள். எங்கள் ஆம்பளைகள் இறால் கணக்குச் சொல்கிற மாதிரி நான் என் உடம்பைப் பற்றிக் கணக்குச் சொல்கிறேன். அந்தப் பொய்க்கணக்கை வைத்து டாக்டர் எனக்கு மருந்து எழுதுகிறார்.

நிஜம் என்னவென்றால், புது மாத்திரைக்குப் பிறகு என் கை நடுங்குகிறது. இறால் தலை கிள்ளும்போது ஓட்டோடு சதையும் வந்துவிடுகிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவளுக்கு அது எவ்வளவு நஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதனால் வாரத்தில் பாதி நாள் போடுவதே இல்லை. டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டியது இது. தூக்கம், நடுக்கம், சர்க்கரை மாத்திரை கூடப் போடுகிறேனா, சாகத் தோன்றுகிறதா, இவைதான் அவருக்கு வேண்டும். நான் கொட்டியது எதையெல்லாம்! யாரிடம் எவ்வளவு கடன், மாமியார் என்ன சொன்னாள், அதெல்லாம் எந்த மாத்திரைக்கு வேண்டும்? அதை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கொடுத்தார்கள். இதைச் சொல்ல வேண்டிய வாயை அடைத்துவிட்டார்கள். கை நடுங்குகிறது என்று இன்றைக்குச் சொன்னால் நாளைக்குக் குழாயடியில் என் குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், ஆடுகிறதா என்று.

அந்தப் பெண் மேலேயே எல்லாப் பழியையும் போட்டுவிட மனசு வரவில்லை. அவளுக்கு நான் ஒருத்தியா? ஒரு வண்டியில் பத்துக் குப்பம் சுற்றுகிறாள். மாமியார் தண்ணீர் கொடுத்து, "இன்னாம்மா சொல்றா எம் மருமவ?" என்று கேட்டால், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு பேசியிருப்பாள். என் ரகசியம் என் வீட்டாருடையதும் என்று நினைக்கத்தான் நம் எல்லாரையும் வளர்த்திருக்கிறார்கள். அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் படத்தை எப்படி ஏற்றுவது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், எங்கே வாயை மூடுவது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

அதே சட்டத்தில் 14-ஆம் பிரிவில் ஒன்று இருக்கிறது. என் சார்பில் யாரிடம் பேசலாம் என்று நானே ஒருவர் பெயரை எழுதிக்கொடுக்கலாம். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், வக்கீல் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, அந்த ஆளும் எழுத்தில் சம்மதித்தால் போதும், பிறகு மாற்றவும் மாற்றலாம். எழுதிக்கொடுக்காவிட்டால் சொந்தக்காரர் யாராவது அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார். என் விஷயத்தில் யார் உட்கார்ந்தார் என்று தெரிந்துவிட்டது. நேற்று எழுதினேன். பொன்னேரியில் இருக்கிற என் தங்கை பெயர். நடுங்குகிற கையால் போட்டதால் கையெழுத்து கொஞ்சம் கோணல். இரண்டு நகல் எடுத்து ஒன்றைப் பீரோவில் கொலுசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

பாப்பா, வெள்ளிக்கிழமை வருவாய். வண்டியை ஐஸ் கம்பெனி பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வா. கழுத்தில் இருக்கிற அட்டையைக் கழற்றிப் பையில் போடு. வீட்டுக்குள் வேண்டாம், படகுத்துறையில் வலை காயப்போட்டிருக்கிற இடத்தில் உட்காரலாம், மத்தியானத்தில் அங்கே ஆள் இருக்காது. போனை எடுக்காதே. இந்தத் தாளை வாங்கிக்கொண்டு, வாங்கினேன் என்று நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடு.

கை நடுங்குகிறது, பாப்பா. டாக்டரிடம் மட்டும் சொல்.